கதவை முதலில் மூடியது யார்?

போன ஆண்டு மூன்றாமாண்டு மாணவிகளுக்கு வகுப்பில் ஒரு படம் போட்டுக் காட்டினேன். ‘டிரெய்ன் டு பூசன்’ என்ற கொரியப் படம். 2016-இல் வந்தது, இயக்கியவர் யோன் சாங்-ஹோ. தமிழ்த் துறையில் கொரிய ஜாம்பிப் படத்துக்கு என்ன வேலை என்று உடன் பணிபுரிகிறவர் ஒருவர் கேட்டார். திரைப்படம் பற்றி ஒரு தாள் இருக்கிறது, அதற்காக என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லப்போகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. சியோலிலிருந்து பூசனுக்குப் போகும் அதிவேக ரயில். நோய் தொற்றிய ஒருத்தி கடைசி நேரத்தில் ஏறிவிடுகிறாள். கடிபட்டவர் சாகிறார், செத்தவர் எழுந்து அடுத்தவரைக் கடிக்கிறார். பெட்டி பெட்டியாகத் தொற்று பரவுகிறது. தொற்றாதவர்கள் கதவை மூடிக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறார்கள். நாயகன் சோக்-வூ பிறர் பணத்தைச் சந்தையில் போட்டுப் பெருக்கும் நிதி மேலாளன். மனைவியைப் பிரிந்தவன். பிறந்தநாளுக்கு அம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற மகள் சூ-ஆனை அழைத்துப் போகிறான். அதே ரயிலில் சாங்-ஹ்வா என்கிற முரட்டு ஆள், அவனுடைய கர்ப்பிணி மனைவி, வயதான அக்கா தங்கை இருவர், பள்ளி பேஸ்பால் குழுப் பையன்கள், அவர்களோடு வந்த ஜின்-ஹீ என்ற பெண், வீடற்ற ஒரு மனிதர், போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் உயரதிகாரி யோன்-சுக். தான் பிழைப்பதற்காக எத்தனை பேரை வேண்டுமானாலும் சாகக் கொடுக்கிறவன் இந்த யோன்-சுக்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கேட்டேன்: “இந்தப் படத்துல சுயநலக்காரர் யாரு?”

வகுப்பே ஒரே குரலில் சொன்னது: “அந்தக் கோட்டு சூட்டு ஆளு, மேடம்.”

கடைசி வரிசையில், கல்லல் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். “மேடம், கதவை முதல்ல மூடினது அவன் இல்லையே. ஹீரோதானே?”

அவள் சொன்னது சரி. யோன்-சுக்கை வெறுக்கத் தொடங்கிவிட்டதில் நாம் அனைவரும் மறந்துபோகிற காட்சி அது. ரயிலில் ஓட்டமும் கூச்சலும் தொடங்கியவுடன், சாங்-ஹ்வாவும் அவன் மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற சோக்-வூ அவர்கள் முகத்துக்கு நேரே கதவை மூடுகிறான். ஓடி வருவது கர்ப்பிணி என்று அவனுக்குத் தெரிகிறது. ஆனாலும் மூடுகிறான். பக்கத்தில் மகள் நிற்கிறாள், அவளுக்காக மூடுகிறான்.

அதற்குப் பிறகு, மூதாட்டி ஒருத்திக்கு இருக்கையை விட்டுக்கொடுத்த மகளைத் தனியாக அழைத்து, இந்த மாதிரி நேரத்தில் உன்னை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று புத்தி சொல்கிறான். இதே புத்தியை எத்தனை வீட்டில் எத்தனை தாய் தகப்பன் பிள்ளைக்குச் சொல்கிறார்கள்! ‘தனக்குப் போகத்தான் தானமும் தர்மமும்’ என்று பழமொழியாகவே வைத்திருக்கிறோம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொல்லும் பழமொழியும் எதற்காகச் சொல்கிறது? தன் பிள்ளை தானே வளரும் என்பதற்காகத்தான்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு படம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இந்தப் படத்தின் சண்டை சுயநலத்துக்கும் துணிச்சலுக்கும் நடப்பதாகச் சொல்கிறார்கள். யோன்-சுக் சுயநலம், சாங்-ஹ்வா துணிச்சல், நடுவில் ஊசலாடி நல்லவனாகிறவன் சோக்-வூ. சுத்தமான கணக்கு. ஆனால் சோக்-வூ செய்த அதே காரியத்தைத்தான் யோன்-சுக்கும் செய்கிறான். ஒருவன் மகளுக்காக மூடினான், மற்றவன் தனக்காக மூடினான். முன்னவனை மன்னிக்கிறோம், பின்னவனைக் காறித் துப்புகிறோம். ‘குடும்பத்துக்காக’ என்ற ஒரு சொல் நடுவில் வந்துவிட்டால் எதையும் மன்னிக்கத் தயாராக இருக்கிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் பிடித்து உலுக்க விரும்புவது அந்தச் சொல்லைத்தான். குடும்பம் பெண்ணுக்கு என்ன செய்கிறது என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம், நிறைய எழுதியிருக்கிறோம். குடும்பத்தின் பெயரால் பெண்கள் பிறருக்கு என்ன செய்கிறோம் என்பதைப் பேசியது குறைவு.

அதே 2016-இல், பிப்ரவரி மாதம், தமிழிலும் ஒரு ஜாம்பிப் படம் வந்தது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘மிருதன்’. மிருகத்தையும் மனிதனையும் சேர்த்து உருவாக்கிய பெயர். நல்ல சொல்லாக்கம் என்று தமிழாசிரியையாக எனக்கு மகிழ்ச்சிதான். கதை ஊட்டியில் நடக்கிறது. ஜெயம் ரவி போக்குவரத்துக் காவலர். அவனுக்குத் தங்கைதான் உலகம். லட்சுமி மேனன் மருத்துவர். அவன் ஒருதலையாகக் காதலிக்கிற பெண். மருந்து கண்டுபிடிக்கக்கூடிய மருத்துவர் குழுவைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குறி தவறாமல் சுடுகிற நாயகன் வழிநெடுகச் சுட்டுத் தள்ளுகிறான்.

ஒரு நகரமே அழிகிற கதையில் அவன் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் இருவர். தங்கை, பிறகு காதலி. அவர்களுக்காக அவன் எதையும் செய்வான், தன்னையே கொடுப்பான். தெருவில் அவன் சுடுகிற கூட்டமும் நேற்று வரை யாருக்கோ தங்கையாக, யாருக்கோ அம்மாவாக இருந்த கூட்டம்தான். அதைப் பற்றி ஒரு கணம் நின்று யோசிக்க அந்தப் படத்துக்கு நேரமில்லை. ஜாம்பிப் படத்தின் வசதியே இதுதான். ‘நம்மவர்’, ‘மற்றவர்’ என்று பிரித்துவிட்டால், மற்றவரைச் சுடுவதற்கு மனசாட்சியைக் கேட்க வேண்டியதில்லை. அந்த மருத்துவரைப் பாருங்கள். நோய்க்கு மருந்து காணும் அறிவு அவளிடம் இருக்கிறது. ஆனால் படம் முழுக்க அவள் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட வேண்டிய சரக்கு.

கொரியப் படத்திலும் பெண்கள் சரக்குதான், என்ன, கொஞ்சம் நாகரிகமாகக் கட்டப்பட்ட சரக்கு. ஆண்கள் மூவர் பெட்டி பெட்டியாக அடித்துக்கொண்டு வருகிறார்கள். மனைவியும் மகளும் கழிப்பறைக்குள் காத்திருக்கிறார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு சாகப்போகிற சாங்-ஹ்வா, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயரைச் சொல்லிவிட்டுச் சாகிறான். வயிற்றில் சுமக்கிறவள் பெயர் வைக்கவில்லை. சாகிறவன் வைக்கிறான். அழுகை வருகிற காட்சிதான், நானும் அழுதேன். அழுது முடித்ததும் எனக்குப் பாடம் நடத்துகிற புத்தி வந்துவிட்டது.

நம் புறப்பாடல்களில் மூதின்முல்லை என்று ஒரு துறை உண்டு. மறக்குடிப் பெண்ணின் வீரத்தைச் சொல்வது. அவள் வீரம் எதில் இருக்கிறது? கணவனையும் மகனையும் போருக்கு அனுப்புவதில், மகன் புறமுதுகிடாமல் மார்பில் புண்பட்டு விழுந்தான் என்று கேட்டு மகிழ்வதில். இருபது ஆண்டுகளாக இதைப் பாடம் சொல்கிறேன். பெண்ணின் துணிச்சலை ஓர் ஆணின் பிணத்தின் வழியாக மட்டுமே பார்க்கத் தெரிந்த கண் அது. அந்தக் கண் இன்னும் மூடவில்லை. கேமராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

இருந்தாலும் ‘டிரெய்ன் டு பூசன்’ படத்தில் இரண்டு பெண்கள் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. இயக்குநரே அவர்களை முழுதாகப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். நான் அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்ததே அவர்களுக்காக.

அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பதினைந்தாம் பெட்டிக்கு வந்து சேரும்போது உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். யோன்-சுக் தூண்டிவிடுகிறான், உண்மைதான். ஆனால் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒருவன் இல்லை, ஒரு பெட்டி நிறையப் பேர். நம்மைப் போன்றவர்கள். டிக்கெட் வாங்கி, பெட்டி படுக்கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள். அந்தத் தாமதத்தில்தான் சாங்-ஹ்வா சாகிறான். எப்படியோ உள்ளே வந்துவிட்ட மற்றவர்களை, உங்களுக்கும் தொற்றியிருக்கும், எங்களோடு இருக்கக் கூடாது என்று அடுத்த இடைவழிக்குத் துரத்துகிறார்கள். அப்போது அந்தப் பள்ளி மாணவி ஜின்-ஹீ, பாதுகாப்பான பெட்டிக்குள் இருந்தவள், எழுந்து துரத்தப்பட்டவர்களோடு போய்விடுகிறாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. இங்கே இருப்பதைவிட அங்கே இருப்பது மேல் என்று போகிறாள்.

இன்னொருத்தி அந்த மூதாட்டி, ஜோங்-கில். துரத்திவிட்டுத் துணியால் கதவை இறுகக் கட்டிக்கொண்டு நிம்மதியாகிற கூட்டத்தைப் பார்க்கிறாள். எதிர்ப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே தொற்றிய கூட்டத்துக்குள் தன் உடன்பிறந்தவள் நிற்பதைப் பார்க்கிறாள். எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறாள். பெட்டியில் இருந்த ஏறக்குறைய அனைவரும் அழிகிறார்கள். இதைத் துணிச்சல் என்பதா, பழிவாங்கல் என்பதா? மாணவிகள் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நடந்தது அநியாயம் என்று உடம்பால் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது பாதுகாப்பு நடவடிக்கை.

இனி, அந்தப் படத்தை நான் காட்டியதற்கான காரணம்.

காரைக்குடியில் கதவுக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் படம் எடுப்பது நிலைக்கதவைத்தான். பர்மாத் தேக்கு, யாளியும் லட்சுமியும் செதுக்கிய நிலை, கைப்பிடி தேய்ந்த பித்தளைக் குமிழ். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். முன்வாசலில் யார் வரலாம், பின்வாசலில் யார் வரலாம், வளவு வரை யார், பட்டாலை வரை யார் என்று அந்த வீடுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தை எழுதியது யாராக இருந்தாலும், தினமும் அமல்படுத்தியது வீட்டுப் பெண்கள். கொண்டுவிற்கக் கடல் தாண்டிப் போன ஆண்கள் ஆண்டுக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். சாவிக்கொத்து பெண்கள் இடுப்பில் இருந்தது.

நாங்கள் அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் இல்லை. எங்கள் வீடு நகரின் ஓரத்தில் ஒரு சின்ன மாடி வீடு. எதிர்வீட்டு மாடியில் ஒரு செவிலியர் வாடகைக்கு இருந்தார். அரசு மருத்துவமனையில் ஒப்பந்தப் பணி, தேனிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். 2020 ஜூலையில் எங்கள் பக்கம் கொரோனா ஏறிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொற்று வார்டில் பணி. தெருவில் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. வீட்டுக்காரர் அந்தப் பெண்ணைக் காலி செய்யச் சொல்ல வேண்டும், தெருவில் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்கள் மூவரும் பெண்கள். எனக்கு வேண்டியவர்கள்தான். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து வாங்குகிறவர்கள். மூவர் முகத்திலும் நான் எந்த யோன்-சுக்கையும் பார்க்கவில்லை. பயந்துபோன மூன்று தாய்மார்களைத்தான் பார்த்தேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை. இதைச் சொல்லி என்னை உயர்த்திக்கொள்ள முடியாது. ஏனென்றால் நான் மறுக்கவும் இல்லை. “அவுக இல்லாதப்ப நான் எப்படிப் போடுறது, வந்ததும் கேட்டுச் சொல்றேன்” என்று கணவரைச் சாக்காக்கினேன். முனைவர் பட்டம் வாங்கியவள், பெண்விடுதலை பற்றி மேடையில் கவிதை வாசிக்கிறவள், ஒரு கையெழுத்துக்குக் கணவர் வர வேண்டும் என்று சொன்னேன். அவர் வந்தார், நான் கேட்கவில்லை. வீட்டில் எண்பத்தேழு வயது அப்பத்தா இருக்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்தப் பெண் பையையும் ஒரு சில்வர் குடத்தையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் சன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா பார்த்துவிட்டாள்.

“யாரைத்தா தொரத்துறீக?”

“யாரையும் தொரத்தல அப்பத்தா. அந்தப் புள்ள தானா காலி பண்ணிட்டுப் போகுது.”

“தானாப் போற புள்ளை எதுக்குடி அழுதுக்கிட்டுப் போகுது?”

என்னிடம் பதில் இல்லை. உங்களுக்காகத்தான் அப்பத்தா என்று சொன்னேன். வயதானவர்களுக்கு ஆகாதாம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதுவரை அரைகுறையாக மட்டுமே சொல்லியிருந்த கதையை அன்று முழுதாகச் சொன்னாள்.

அப்பத்தாவின் அப்பா ரங்கூனில் ஒரு கிட்டங்கியில் சமையலாள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த சில மாதங்களில் பர்மாவிலிருந்த இந்தியர்கள் கிளம்பி ஓடினார்கள். காசும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. இல்லாதவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கானவர்கள் நடந்து வந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் பல்லாயிரம். சரியான கணக்கு எடுக்கப்படவே இல்லை. அந்த நடையிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பாகுபாடு இருந்ததை அன்றைய காங்கிரஸ் கண்டித்தது. தமிழில் வெ. சாமிநாத சர்மா அந்தப் பயணத்தைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அவருடன் அவர் மனைவி மங்களமும் நடந்தார்.

செட்டிநாட்டில் பர்மாவைப் பற்றிப் பேசினால் போனது எத்தனை லட்சம், எத்தனை ஏக்கர் நெல்வயல் என்றுதான் பேச்சு வரும். அந்த இழப்பும் உண்மைதான். அவர்களிலும் நடந்து வந்தவர்கள் உண்டு. ஆனால் கப்பலில் வந்தவர்களுக்குச் சோறு வடித்துப் போட்டவர்கள் எப்படி வந்தார்கள் என்று எந்த வளவிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பத்தா சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அப்பா, அம்மா, அவள், கைக்குழந்தையாக ஒரு தம்பி.

“மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டகை. ராவாயிருச்சு. மழை வேற. உள்ள இருந்ததெல்லாம் நம்ம பக்கத்துச் சனந்தேன். தம்பிக்கு வயித்தால போகுது. அதப் பாத்துட்டு கதவுக்குக் கட்டையக் குடுத்துட்டாக. எங்க ஆத்தா ஒவ்வொருத்தி பேராச் சொல்லிக் கூப்புடுறா. உள்ள இருந்து ஒருத்தி சொல்றா, ‘எங்களுக்கும் புள்ளைக இருக்குல்ல தாயி’ன்னு. அவ கெட்டவ இல்லடி. ரங்கூன்ல எங்க ஆத்தாளுக்கு அவதேன் பிரசவம் பாத்தா.”

பிறகு? 

“பெறகு கதவு தொறந்துச்சு. எங்கள உள்ள விடல. உள்ள இருந்து ஒரு பொம்பள வெளிய வந்தா. தெலுங்கச்சி. மூட்டையோட வந்துட்டா. அவ பேச்சு எங்களுக்குப் புரியல. வந்து, எங்க ஆத்தாளுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. விடிய விடிய உக்காந்திருந்தா. தம்பி விடியுமுன்ன செத்துப் போச்சு. அவதேன் குழி தோண்டுனா.”

அந்தப் பெண்ணின் பெயர் அப்பத்தாவுக்குத் தெரியாது. பிறகு அவள் என்ன ஆனாள் என்பதும் தெரியாது. எழுபத்தெட்டு ஆண்டுகளாக அப்பத்தா நினைவில் வைத்திருந்தது கதவை மூடியவள் சொன்ன ஒரு வாக்கியத்தையும், வெளியே வந்தவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்ததையும்.

அந்தத் தெலுங்குப் பெண் யாரையும் காப்பாற்றவில்லை, கவனியுங்கள். குழந்தை செத்துத்தான் போனது. ஜின்-ஹீயும் யாரையும் காப்பாற்றவில்லை. பிறகு யோன்-சுக் அவளைத்தான் ஜாம்பிக்குத் தள்ளிவிட்டுத் தப்பிக்கிறான். சாங்-ஹ்வாவைப் போல அவர்களுக்குக் கைத்தசை இல்லை, நம் ஊர் நாயகனைப் போலத் துப்பாக்கி இல்லை. உள்ளே இடம் இருந்தும் உள்ளே இருக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். துணிச்சல் என்று நான் இனிமேல் பாடம் சொல்லப்போவது இதைத்தான். இதைப் படமாக எடுத்தால் ஒரு நிமிடக் காட்சிதான் வரும். சண்டைப் பயிற்சியாளர் தேவைப்பட மாட்டார்.

கொரோனா காலத்தில் கதவு மூடியது எங்கள் தெரு மட்டும் இல்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் தொற்றால் இறந்தபோது அவர் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்து ஆம்புலன்ஸை உடைத்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் இரவோடு இரவாகத் தானே மண் தள்ளிப் புதைத்தார். கணவரின் விருப்பப்படி கீழ்ப்பாக்கம் கல்லறையில் அவரை மறுபடி அடக்கம் செய்ய வேண்டும் என்று மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார். கல்லெறிந்த கூட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுதான்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு, இதே நாம் வாசலில் நின்று மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கை தட்டினோம். எங்கள் தெருவில் தட்டிலும் தட்டினார்கள். அந்த மூன்று பெண்களும் தட்டினார்கள், நானும் தட்டினேன். கை தட்டுவதற்குக் கதவைத் திறந்தோம், பிறகு மூடிக்கொண்டோம். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு, கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களுக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்று தமிழக அரசு அறிவித்தது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தொலைக்காட்சியில் அந்தக் கூட்டத்தில் எதிர்வீட்டுப் பெண்ணின் முகத்தைத் தேடினேன். அவள் அங்கே இருந்தாளா, அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டாளா, தெரியாது. அவளுடைய எண்ணைக்கூட நான் வாங்கி வைத்திருக்கவில்லை. ஜாம்பிப் படத்தில் நாயகன் செத்தால் பின்னணி இசை ஒலிக்கிறது. துணிச்சலை மாதச் சம்பளத்துக்குச் செய்கிறவளுக்கு முதலில் கைதட்டல், பிறகு பணி நீக்கம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். என் மாணவிகளே கேட்டார்கள். “பொண்ணுங்கன்னாலே சுயநலம் இருக்கக் கூடாதுன்னு ஏற்கெனவே சொல்லித்தான் மேடம் வளக்குறாங்க. நீங்களும் அதையே சொன்னா எப்படி?”

நியாயமான கேள்வி. படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்கிற பெண் சுயநலக்காரி. இப்போது கல்யாணம் வேண்டாம் என்பவள் சுயநலக்காரி. மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட மாட்டேன் என்பவளும் சுயநலக்காரி. இந்த வசவை வாங்காத பெண் எங்கள் துறையில் ஒருத்திகூட இல்லை, நான் உட்பட. ஆனால் இவர்கள் யாரும் அடுத்தவர் முகத்தில் கதவை மூடவில்லையே. தன்னைப் பூட்டி வைத்த கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார்கள். ஊர் அதைச் சுயநலம் என்கிறது. அதே ஊர், குடும்பத்துக்காக ஒரு செவிலியரைத் தெருவை விட்டுத் துரத்துகிற பெண்களைப் பொறுப்பான தாய்மார்கள் என்கிறது. பெண் தனக்காக ஒன்று செய்தால் சுயநலம், குடும்பத்துக்காக எதைச் செய்தாலும் தியாகம். இந்த அகராதியை எழுதியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அதை நாம் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

அந்த மூன்று தாய்மார்களின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. என் பயமும் பொய்யில்லை. நோய் உண்மை, அப்பத்தாவின் வயது உண்மை. ஆனால் பயத்துக்கு மருந்தாக நாங்கள் கண்டுபிடித்தது என்ன? முகக்கவசம் போட்டிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பாலும் காய்கறியும் வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அவளிடம் போய், நாங்கள் என்ன கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். தெருவிலேயே அந்த நோயைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எங்களிடம் இருந்த ஒரே மருத்துவ அறிவைத்தான் குடத்தோடு இறக்கி அனுப்பினோம். குடும்பத்தைக் காப்பாற்ற என்று மூடிய கதவு குடும்பத்தையும் காப்பாற்றாது. பதினைந்தாம் பெட்டியில் நடந்ததும் அதுதான்.

இதையெல்லாம் வகுப்பில் பாதிதான் சொன்னேன். மணி அடித்துவிட்டது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். கல்லல் பிள்ளை மட்டும் பையை மாட்டிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள். அவளுடைய அம்மா ஊராட்சியில் தூய்மைக் காவலர் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கொரோனா சமயத்தில் குப்பை வண்டியோடு போகும்போது, எட்ட நில்லு என்று குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காத வீடுகளின் பட்டியல் அம்மாவிடம் இருக்கிறதாம். பிறகு கேட்டாள்: “நீங்க என்ன மேடம் பண்ணுனீங்க, அப்ப?”

சொன்னேன். சன்னல் திரை வரை சொன்னேன். அவள் என்னை மன்னிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “சரி மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கிளம்பிவிட்டாள்.

அப்பத்தா 2022-இல் போய்விட்டாள். அவள் பயந்தது எதற்கும் இல்லை என்று சொல்ல முடியாது. இருட்டுக்குப் பயப்படுவாள், மழைச் சத்தத்துக்குப் பயப்படுவாள். ஆனால் அவள் இருந்த வரை எங்கள் வீட்டு முன்கதவைப் பகலில் தாழிட விட்டதில்லை. சின்ன வயதில் அதை ஒரு கிழவியின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

தோழிகளே, ஜாம்பி வரப்போவதில்லை. தாள்தான் வரும். ஒரு நாள் உங்கள் தெருவிலும், உங்கள் விடுதியிலும், உங்கள் அடுக்குமாடிச் சங்கத்திலும் ஒரு தாள் சுற்றுக்கு வரும். இந்த வீட்டில் இன்னாரைக் குடிவைக்கக் கூடாது, இந்த மின்தூக்கியில் வேலைக்காரப் பெண்கள் ஏறக் கூடாது, இந்தப் பெண் விடுதியில் இருந்தால் மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எழுதியிருக்கும். கொண்டுவருகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பார்கள். அப்போது கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லாதீர்கள். முடியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, யாருடைய பெயர் அந்தத் தாளில் இருக்கிறதோ அவள் வீட்டுப் படி ஏறிப் போய், பக்கத்தில் உட்காருங்கள்.